பாட்டு முடியும்வரை

மனைவி இறந்த பிறகும் எனக்கு ஒரு குறையும் இல்லை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். மந்தைவெளியில் சொந்த வீடு, பென்ஷன், அமெரிக்காவிலிருந்து மகளின் வீடியோ கால். ஆனால் ஒரு மனிதக் கை என்மேல் பட்டு மாதக்கணக்காகியிருந்தது. இதை யாரிடம் போய்ச் சொல்வது? வெட்கக்கேடு.

சாந்தோம் கோயிலுக்கு ஞாயிறு பூசைக்குப் போவேன். பூசையின் நடுவே, பக்கத்தில் இருப்பவருக்கு 'சமாதானம் உண்டாகட்டும்' என்று வாழ்த்துச் சொல்லும் நேரம் வரும். கொரோனாவுக்குப் பிறகு கை கொடுப்பது குறைந்துவிட்டது, கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவோம். அன்றும் அப்படித்தான் கும்பிட்டேன். பக்கத்தில் இருந்த, முன்பின் தெரியாத ஓர் அம்மா, குவித்த என் கைகளைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"இன்னாண்ணா, கை இப்டி ஜில்லுனு கீது? வூட்ல யாரும் இல்லியா?"

இல்லை என்று தலையாட்டினேன். அதற்குள் பாடகர் குழு பாட ஆரம்பித்துவிட்டது.

"சரி, பாட்டு முடியற வரிக்கும் இப்டியே இரு."

கோயிலே பார்க்க அழுதேன். அவர் விடவில்லை. அன்பைப் பற்றி நான் கேட்ட பிரசங்கங்களுக்குக் கணக்கில்லை. அது என் கையில் பட்டது அன்றுதான்.

பூசை முடிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினால், கூட்டத்தில் அவரைக் காணோம். பெயர்கூடக் கேட்கவில்லை.

இப்போதெல்லாம் தனியாக வந்திருப்பவர் பக்கத்தில்தான் உட்காருகிறேன். கை நீட்டிச் சமாதானம் சொல்கிறேன். சிலர் முறைப்பார்கள், போகட்டும். போன வாரம் ஒரு பெரியவர் என் கையை விடாமல், "எவ்ளோ சூடா இருக்கு சார் உங்க கை" என்றார்.

இதை அந்த அம்மாவிடம் சொல்ல வேண்டும். ஒவ்வொரு ஞாயிறும் வாசலில் நின்று தேடுகிறேன்.