பவளக்கல்லும் என் பழியும்

மகளின் கண்காட்சி அட்டையில் நான் எழுதிக் கொடுத்தது அறிவியலா, பழியா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

என் கணவர் அரியலூர் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையின் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் பொக்லைன் ஓட்டுகிறார். கல் லாரிகள் தார்ப்பாய் மூடாமல் எங்கள் தெரு வழியாகத்தான் போகும். அந்தத் தூசியில் கைக்குழந்தைக்கு இளைப்பு வந்தபோது சுரங்க அதிகாரியிடம் மனு கொடுத்தேன். அவர் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

"படிச்ச பொண்ணுதானே? ஜன்னலைச் சாத்திக்கத் தெரியாதாம்மா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "சரிங்க சார்" என்று திரும்பிவிட்டேன். அன்று முதல் அந்த ஆளை எப்படித் தலைகுனிய வைப்பது என்றே யோசித்தேன்.

ஐந்தாம் வகுப்பு படிக்கும் மூத்தவளின் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. சிறப்பு விருந்தினர் அதே அதிகாரி. தெரிந்ததும் பவளப்பாறையைத் தலைப்பாக எடுத்தேன். எங்கள் ஊர் ஒரு காலத்தில் கடல். உழுதால் சிப்பிக்கல் வரும். கல்லாகிப்போன பவளம் ஒன்றைக் கணவர் முன்பு மகளுக்கு விளையாடக் கொண்டுவந்திருந்தார். அதை மேசையில் வைக்கச் சொல்லி, அட்டையில் எழுதினேன்:

'சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் கரியமில வாயு வரும். அது பூமியைச் சூடாக்கும். கடல் சூடானால் பவளம் வெளுத்துச் சாகும். செத்த பவளத்தை எரித்து உயிருள்ள பவளத்தைக் கொல்கிறோம்.'

அத்தனையும் உண்மை. ஆனால் 'கொல்கிறோம்' என்பதை அடித்து, 'நம் ஊர் ஆலை கொல்கிறது' என்று மாற்றினேன். அந்த மாற்றம் கடலுக்காக அல்ல.

கண்காட்சி அன்று மகள் தடுமாறாமல் சொன்னாள். அதிகாரியின் முகம் கறுத்தது. எனக்கு இனித்தது. அவர் கல்லைக் கையில் எடுத்தார்.

"இது ஏதும்மா?"

"எங்கப்பா மைன்ஸ்லேருந்து டிபன் பையில எடுத்தாந்தாரு சார்!"

சுரங்கத்திலிருந்து ஒரு கல்கூட வெளியே போகக் கூடாது என்பது விதி. மறுநாளே கணவரை வேலையிலிருந்து தற்காலிகமாக நிறுத்தி விசாரணை வைத்தார்கள்.

"வயல்ல கெடந்துச்சுன்னு சொல்லச் சொல்லியிருக்கக் கூடாதா?" என்று மட்டும் கேட்டார் கணவர். தலைப்பிலிருந்து கடைசி வரி வரை யோசித்த எனக்கு அது தோன்றவில்லை.

இப்போது அட்டை மாவட்டக் கண்காட்சிக்குத் தேர்வாகியிருக்கிறது. அங்கே பிள்ளை பேசாவிட்டால் விசாரணையை மூடிவிடலாம் என்று அதிகாரி ஆள் விட்டுச் சொல்கிறார். அங்கும் வரப்போகும் அவர் ஊர் முன்னால் மறுபடி முகம் கறுத்து நிற்பதைப் பார்க்க எனக்கு மனம் துடிக்கிறது. மகளோ, "அப்பாவுக்கு வேல போயிடுமாம்மா? நான் பேசலம்மா" என்கிறாள். அவள் வாயை மூடினால் அவர் ஜெயித்துவிடுவார். கடலும் சூடாகிக்கொண்டுதான் இருக்கும்.

அவளைப் பேச அனுப்பட்டுமா, நிறுத்தட்டுமா? பிள்ளை வைத்திருப்பவர்கள் எனக்குச் சொல்லுங்கள்.