மறுப்புக்கு விட்ட கட்டம்

தனகோட்டி அவர்கள் காலமான செய்தியை எனக்குச் சொன்னது ஒரு சுவரொட்டி. நான் ஆசிரியராக இருக்கும் கீழ்பென்னாத்தூர்ப் பள்ளி முடிந்து வந்து, திருவண்ணாமலை பேருந்து நிலையத்தில் இறங்கினேன். 'எங்கள் ஆருயிர் நண்பருக்குக் கண்ணீர் அஞ்சலி' என்றிருந்தது. இறந்தவரின் படம் தபால்தலை அளவு. அஞ்சலி செலுத்தும் கவுன்சிலரின் படம் முழ நீளம். அழுகைக்கு முன்னால் எனக்கு எரிச்சல்தான் வந்தது.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மண்டியில் மூட்டை எடைபோடும் வேலை அவருக்கு. எழுபதுகளின் கடைசியில் நாங்கள் இருவரும் 'கொசுக்கடி' என்ற நையாண்டிப் பத்திரிகை நடத்தினோம். நான்கே இதழ்கள். எழுதியவர் அவர், பிழை திருத்தியவன் நான். கடைசிப் பக்கத்தில் 'மறுப்பு' என்று தலைப்பிட்டு, யாராவது கோபமாக எழுதினால் போடுவதற்கென்று ஒரு கட்டத்தைக் காலியாக விடுவார்.

"அடிபட்டவன் கத்தணும், வாத்தியாரே. அப்பத்தான் அடி பட்டுச்சுன்னு தெரியும்" என்பார்.

முதல் இதழிலேயே இதே கவுன்சிலரைப் பிடித்தார். ஒரே குடிநீர்த் தொட்டியை மூன்று முறை திறந்துவைத்த மனிதர். மூன்று முறையும் தண்ணீர் வரவில்லை. 'தொட்டி நாயகர்' என்று கட்டுரை. கவுன்சிலரோ அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டிவிட்டார். கடைத்தெருவில் தனகோட்டி அவர்களைக் கட்டிப்பிடித்து, "சூப்பரா எழுதிட்டீங்க! அடுத்த தபா ஜாஸ்தி காப்பி போடுங்க" என்றார்.

தனகோட்டி அவர்கள் அன்று சாப்பிடவில்லை. "இன்னா ஊருங்க இது? ஒருத்தனுக்கும் ரோஷம் வர்லியே!"

முதல் மூன்று இதழ்களிலும் கட்டம் காலி. அவர் சோர்ந்துபோவதைப் பார்க்கச் சகிக்காமல், 'தாக்கப்பட்டவன்' என்ற பெயரில் நானே காரசாரமாக ஒரு மறுப்பு எழுதித் தபாலில் போட்டேன். அவர் அதை இரண்டு முறை படித்தார்.

"ஒரு சந்திப்பிழைகூட இல்லியே, வாத்தியாரே. கோவம் வந்தவன் இப்டியா எழுதுவான்?"

கட்டத்தைக் காலியாகவே விட்டு நான்காவது இதழை அச்சிட்டார். ஐந்தாவது வரவில்லை. அதற்குப் பிறகு அந்தக் கடிதத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. சாகும்வரை அவர் எதிர்பார்த்தது உண்மையான ஒரு கோபக் கடிதம். அதைக் கொடுக்க இந்த ஊரால் முடியவில்லை, என்னாலும் முடியவில்லை.

தனகோட்டி அவர்களே, அந்தக் கட்டத்தை இன்று நிரப்புகிறேன்.

மறுப்பு: கவுன்சிலர் அவர்களே, தனகோட்டி உங்கள் நண்பர் அல்ல. அந்தக் கட்டுரை உங்களைப் பாராட்டி எழுதியதும் அல்ல. தொட்டியில் இன்றுவரை தண்ணீர் இல்லை. சுவரொட்டியைக் கிழித்தவன் நான்தான்.

இதில் பிழை இருந்தால் இருக்கட்டும். இந்த முறை நான் திருத்தப் போவதில்லை. போய்வாருங்கள்.