டியர் சார்

ஆபீஸில் நாளெல்லாம் ‘டியர் சார்’ அடித்து விரல் மரத்துப்போய் வீடு திரும்பும் வழியில், தையல் கடை மெஷினின் எண்ணெய் வாசனை வந்ததும், மன்னார்குடி தெப்பக்குளக் கரையில் இருந்த, இப்போது இடித்துவிட்ட டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் ஞாபகம் வந்துவிட்டது.

அம்மா அங்கே டைப்பிங் படித்தாள். பள்ளி விட்டதும் நான் அவள் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, பத்து மெஷின்களின் தடதடப்பிலும் வரி முடியும்போதெல்லாம் அடிக்கும் சின்ன மணியிலும் கண் சொக்கிக் கிடப்பேன். தினமும் அதே பயிற்சிக் கடிதம், அதே ‘டியர் சார்’.

ஒருநாள் கேட்டாள், “டியர்னா என்னடி?”

டிக்‌ஷனரியைப் பார்த்தேன். “அன்பானன்னு போட்டிருக்கும்மா. விலை கூடினதுன்னும் இருக்கு.”

“அப்புறம் ஏன்டி முகம் தெரியாதவனுக்கெல்லாம் போடுறோம்?”

மூன்று வருஷமாகச் சிங்கப்பூரிலேயே இருந்த அப்பாவை அவள் ‘என்னங்க’ என்பதைத் தாண்டி அழைத்ததே இல்லை. அன்று தாளின் மேலே இங்கிலீஷில் ‘டியர் சார்’ என்று அடித்து, கீழே தமிழில் கையால் எழுதி அவருக்கு அனுப்பினாள். சாரை எடுத்துவிடச் சொன்னேன்.

“இருக்கட்டும்டி, மரியாதையா இருக்கு.”

நான் அனுப்பும் டியர் சார்களுக்கு யாரும் பதில் போடுவதில்லை. அப்பாவும் போடவில்லை. லீவு போட்டு வந்துவிட்டார்.