தண்ணீர் குடிக்காத நாய்

பஸ் பழுதாகி, ஜெஞ்சாரோம் சாலையோரம் இரண்டு மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறேன். கால்கள் மரத்துவிட்டன. எதிரே செம்பனைத் தோட்டத்திலிருந்து மாடுகள் சாலையில் இறங்க, ஒரு லோரி வேகமாக வருகிறது. சடைமுடி நாய் ஒன்று பாய்ந்து, மாடுகளின் பின்னங்கால்களைக் கவ்விக் கவ்வி ஓரத்துக்கு விரட்டுகிறது. லோரி போனதும் நொண்டுகிறது.

மாடுகளுக்குப் பின்னால் வந்த மாட்டுக்காரர் நாயின் பாதத்திலிருந்து முள்ளைப் பிடுங்குகிறார்.

“அம்மா அல்சேஷன், அப்பன் கம்பத்து நாய், கிராமத்துல சும்மா திரியிறது. இந்த முடியோட வெயில் தாங்காதுண்ணே. ஆனா மாடெல்லாம் பட்டிக்குப் போய்ச் சேராம தண்ணி குடிக்காதுலா.”

என் போத்தலை நீட்டுகிறேன். நாய் முகர்ந்துகூடப் பார்க்காமல், பின்தங்கிய கன்றை நோக்கி நடக்கிறது. அவர் போத்தலை வாங்கிக்கொண்டு பின்னாலேயே போய், நாயின் முதுகில் தண்ணீரை ஊற்றுகிறார். நாய் நிற்கவில்லை, வால் மட்டும் மெல்ல ஆடுகிறது.