கடன் என்று எழுதிய நஷ்டஈடு

புத்தகம் அச்சகத்துக்குப் போக இரண்டு நாள் இருந்தபோதுதான் என் தவறு எனக்குத் தெரிந்தது.

எண்பத்தேழாம் வருஷம். ஹனோவரில் ஒரு வரலாற்றுத் துறையில் ஆய்வு உதவியாளராக இருந்தேன். அறுபது ஆண்டுகளுக்கு முன் சீனக் கரையில் பிரிட்டிஷார் ஆண்ட துறைமுகம் ஒன்றில் நடந்த நீண்ட வேலைநிறுத்தம் பற்றி எங்கள் பேராசிரியை எழுதிய புத்தகம் அது. பிரிட்டிஷ் அதிகாரிகளின் கடிதங்களை ஜெர்மனில் சுருக்கி, தலைப்புவாரியாகப் பிரித்துத் தருவது என் வேலை. அதில் ஒரு கட்டு, வேலைநிறுத்தக்காரர்களை ஆதரித்த பக்கத்துச் சீன நகர அரசுக்குத் துறைமுகம் கட்ட பிரிட்டிஷ் கவர்னர் கடன் தரும் பேச்சுவார்த்தை. அதைக் ‘கட்டுமானம்’ ஃபைலில் போட்டிருந்தேன்.

நூலகப் படிப்பறைக்கு ஆவணப் பெட்டிகள் கொண்டுவருபவர் யேசுதாசன். மன்னார்க்காரர், கொழும்புத் துறைமுகத்தில் தொழிற்சங்க எழுத்தராக இருந்தவர். அன்று மேசையில் கிடந்த கடன் கடித நகலை நின்றபடியே படித்தார்.

“அக்கா, வேலையை நிப்பாட்டின ஆக்கள் என்ன கேட்டவை?”

“வேலையில்லாத நாளுக்கு நஷ்டஈடு. கவர்னர் முடியாதுன்னுட்டார்.”

“பிறகேன் கடன் குடுக்க வாறார்?”

“அது ஹார்பர் ப்ராஜெக்ட். வேற மேட்டர்.”

“இல்லை அக்கா. நட்டஈடு எண்டு எழுதினால் பிழையை ஒத்துக்கொண்ட மாதிரி. கொழும்பில எங்களுக்கும் ஒருக்கா நட்டஈட்டை ‘முற்பணம்’ எண்டு எழுதித்தான் தந்தவை. திகதியைப் பாருங்கோ.”

பார்த்தேன். மறுப்புக் கடிதத்துக்கு மூன்றாம் நாள் கடன் யோசனை. அதன் கடைசிப் பக்கத்தில், ‘இதிலிருந்து அவர்கள் தொழிலாளருக்கு என்ன கொடுத்தாலும் நாம் கேட்கப்போவதில்லை’ என்று ஒரு வரி. நான் படித்துவிட்டுத் தாண்டிப்போன வரி. என் ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிகிறது. புதுப்பிக்க வேண்டியவர் பேராசிரியைதான்.

அந்தக் கடிதக் கட்டை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். நெடுநேரம் படித்தார். பிறகு அச்சகத்துக்குத் தொலைபேசியில் பேசி ஒரு வாரம் தவணை வாங்கினார். “அத்தியாயத்தைத் திருப்பி எழுதலாம், உட்காருங்கள்” என்றார். அந்தக் கடன் கடைசிவரை கைமாறவில்லை, பேச்சு முறிந்தது. ஆனால் அது எதற்கான கடன் என்பது இப்போது புத்தகத்தில் இருந்தது.

நன்றியுரையில் யேசுதாசன் பெயரைப் போட பேராசிரியை விரும்பினார். யேசுதாசன் மறுத்துவிட்டார்.

“பேர் வேண்டாம் அக்கா. என்ர அகதி விண்ணப்பம் இன்னும் முடியேல்லை. ஆர் எதை எப்பிடி வாசிப்பினமோ தெரியாது.”

‘படிப்பறை நண்பருக்கு’ என்று அச்சானது. என் ஒப்பந்தமும் நீண்டது. அதன்பிறகு எந்தக் கோப்பைத் திறந்தாலும், அதில் இருப்பதைப் படித்து முடித்ததும், எழுதியவர் எந்தச் சொல்லை எழுத அஞ்சினார் என்று ஒருமுறை தேடிப்பார்க்கிறேன்.