குலேந்திரன் அண்ணைக்குத் தெரியாத ‘ஓம்’

குலேந்திரன் அண்ணை செத்துப்போனாராம். காலையில் பிக்கரிங்கிலிருந்து ஒரு சிநேகிதி போன் எடுத்தாள்.

எல்லோரும் முகநூலில் “தங்கமான மனுசன்” என்று போடுகிறீர்கள். போடுங்கள். எனக்குக் கை வரவில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. காலேஜில் மீன்வள கோர்ஸ் படித்துக்கொண்டிருந்தேன். செப்டெம்பரில் சால்மன் மீன்கள் முட்டையிட ஏரியிலிருந்து ஆற்றுக்குள் ஏறும். பிடித்து, நீளம் அளந்து, ஒரு செதில் எடுத்து, ஆணா பெண்ணா என்று சொல்லித் திரும்ப விடவேண்டும். அதைப் பழக்க வந்த இரண்டு பேரில் ஒருவர் அண்ணை.

“தங்கச்சி, வாலிலை பிடியுங்கோ. செவுளுக்கை கை விடாதேங்கோ.” எவ்வளவு பட்சம்! நம்பினேன், விசரி.

நான் தண்ணீருக்குள் நின்றேன். கரையில் ஒரு வெள்ளைக்காரப் பெடியன் எழுதினான். பெண் என்றால் எஃப், ஆண் என்றால் எம்.

“ஃபீமேல்?” என்று கத்துவான். குளிரில் என் வாய் தன்பாட்டில் “ஓம்” என்றது. ஆற்று இரைச்சலில் அவனுக்கு அது “எம்”.

அன்று நான் பிடித்த பெண் மீன் அத்தனையும் தாளில் ஆண்.

பழக்க வந்த மற்றவர், பெரிய இன்ஸ்ட்ரக்டர், கூப்பிட்டு விசாரித்தார். எங்கள் பாஷையில் ‘ஓம்’ என்றால் யெஸ் என்று சொன்னேன். அவர் அண்ணையைப் பார்த்தார்.

“நெவர் ஹேர்ட் ஆஃப் இட்” என்றார் அண்ணை.

யாழ்ப்பாணத்தில் பிறந்த மனுசன்... நாளுக்கு நூறு ஓம் சொல்கிற வாய்!

கோடை வேலைக்கான குழுவிலிருந்து என் பெயரை வெட்டினார்கள். அந்த வேலையை நம்பித்தான் படித்தேன். வீடு இருந்த பார்க்டேல் வரைக்கும் பஸ்ஸில் அழுதுகொண்டு போனேன்.

பிறகு அண்ணை என்னைத் தனியாகக் கண்டு சொன்னார்: “குறை நினையாதேங்கோ தங்கச்சி. நானும் வாயைத் திறந்தால் ரெண்டு தமிழரும் பிழை எண்டு நினைச்சுப்போடுவினம்.”

எனக்கு ஒரு வருஷம் வீணாய்ப் போனது.

பல வருஷத்துக்குப் பிறகு, அதே கோடை வேலைக்கு மாணவர்களைத் தெரிவு செய்கிற கதிரையில் நான். அண்ணை தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். “என்னைத் தெரியுதோ தங்கச்சி?”

“சொறி சேர், ஐ டோன்ற் ஸ்பீக் டமில்” என்றேன்.

முகம் செத்துப்போனது. எனக்கு நல்ல சந்தோஷம். இன்றைக்கும் சந்தோஷம்தான்.

மகளை எடுத்தேன், கெட்டிக்காரி. அவருக்கு ஒரு தமிழ்ச் சொல்கூடக் கொடுக்கவில்லை. பிறகு கண்ட இடமெல்லாம் இங்கிலீஷ்தான்.

சனிக்கிழமை உடலைப் பார்வைக்கு வைக்கிறார்களாம். நான் வரமாட்டேன்.

போய்ச் சேருங்கோ அண்ணை. இவ்வளவு காலத்துக்குப் பிறகு உங்களோடு தமிழில் கதைக்கிறேன்... இனி நீங்கள் பதில் சொல்லமாட்டீர்கள் என்பதால்.