மண்புழுவுக்குச் சம்பந்தம் பார்த்த கதை

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். ஆட்குறைப்பு என்று சொல்லி ஐம்பது வயதில் மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்று மாதம் சும்மா இருந்து பார்த்தேன். சும்மா இருப்பது சுகம் என்று சொல்கிறவர்கள் எங்கள் வீட்டில் ஒரு வாரம் இருந்து பார்க்க வேண்டும். பாத்திரம் கவிழ்த்து வைத்த முறை சரியில்லை என்று நான் சொன்ன அன்று, "எங்கியாவது போய் ஏதாவது கத்துக்கினு வாங்க" என்றாள் மனைவி. மண்புழு உரம் தயாரிக்க இரண்டு நாள் பயிற்சி நடந்தது. போனேன். ஒரு கிலோ புழுவை மூடி போட்ட டப்பாவில் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பினேன். பக்கத்து சீட்டுக்காரர், "இன்னா சார், ஸ்வீட்டா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் ஒரு துண்டு கேட்காதது என் அதிர்ஷ்டம்.

நாங்கள் திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் குடும்பம். என் மனைவி கடையில் வாங்கிய கேன் தண்ணீரையும் துணி கட்டி வடிகட்டித்தான் குடிப்பாள். கொசுவை விரட்டுவாளே தவிர அடிக்க மாட்டாள். பொழுது சாய்ந்தால் ஒரு வாய் தண்ணீர்கூட அவள் தொண்டையில் இறங்காது. நானும் அப்படியே என்றுதான் இருபத்தைந்து வருடமாக நம்பிக்கொண்டிருந்தாள்.

டப்பாவைத் திறந்து அவள் அலறப் போகிறாள் என்று எதிர்பார்த்தேன். அலறவில்லை. சிவப்பாக நெளிந்த ஒன்றை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தாள்.

"இதுங்களை இன்னா பண்ணப் போறீங்க?"

"சாணியும் குப்பையும் போட்டா தின்னுட்டு உரமாப் போடும். அந்த உரத்தை விப்போம்."

"இதுங்களுக்கு ஒண்ணும் ஆகாதே?"

"தின்னும், தூங்கும், பெருகும். என்னைவிட சொகுசா இருக்கும்."

"அப்ப சரி. உரத்தை வித்துக்கோங்க. ஜீவனை விக்கக் கூடாது" என்றாள்.

அந்த ஒரு கிலோ புழு எங்கள் வீட்டுக்குச் சிரிப்பைக் கொண்டுவந்தது என்றுதான் சொல்ல வேண்டும். பின்கட்டில் காலியாகக் கிடந்த மாட்டுக் கொட்டகையில் மூன்று தொட்டி கட்டினேன். தினமும் சாயங்காலம் ஸ்கூட்டரில் காஞ்சிபுரம் போய்க் கோயில்களில் கழித்துப் போட்ட மாலைகளை மூட்டை கட்டி வருவேன். மாலையைப் பிரித்து நாரும் நூலும் எடுக்கிற வேலை அவளுடையது. துளசியும் சம்பங்கியும் ஒன்றரை மாதத்தில் டீத்தூள் மாதிரி கருத்து உதிரும். சல்லடை போட்டால் புழு அறுபடும் என்று அவள் தடுத்துவிட்டதால், உரத்தை வெளிச்சத்தில் குவித்து வைப்போம். வெளிச்சத்துக்குப் பயந்து புழுக்கள் அடிக்கு இறங்கிவிடும். மேலாக வழித்து எடுப்போம். மறுபடி காத்திருப்போம். குவியலுக்கு இந்தப் பக்கம் அவளும் அந்தப் பக்கம் நானும் உட்கார்ந்து அவ்வளவு பேசினோம். கம்பெனியில் இருந்த வருடங்களில் மொத்தமாகக்கூட அவ்வளவு பேசியிருக்க மாட்டோம்.

உரம் வாங்கினவர்கள் அடுத்து புழு கேட்டார்கள். இல்லை என்றால் வேறு இடத்துக்குப் போய்விடுவார்கள். ஒரு வாரம் அவளிடம் வக்கீல் மாதிரி வாதாடினேன். கடைசியில் அவளே வழி சொன்னாள்.

"பொண்ணைப் பெத்தவங்க பொண்ணை விக்கிறாங்களா? கட்டித்தான குடுக்கிறாங்க. அப்படிக் குடுக்கலாம். ஆனா, குடுக்கிற எடத்தை நான் வந்து பார்ப்பேன்."

அன்றிலிருந்து எங்கள் புழு இலவசம். கூடைக்கும் அதில் இருக்கும் சாணிக்கும்தான் விலை. கூடை கொஞ்சம் விலை அதிகம், அவ்வளவுதான்.

பெண் கொடுக்கப் போகிற வீட்டைப் பார்க்கப் போகிறவர்கள், சம்பந்தம் முடிவாகிறவரை அங்கே கை நனைக்க மாட்டார்கள் அல்லவா? என் மனைவி அதையும் விடவில்லை. காபி வரைக்கும் அந்தச் சட்டத்தை நீட்டினாள். வண்டியை விட்டு இறங்கியதும் நேராகத் தொட்டிக்குப் போவாள். நிழல் உண்டா, எறும்பு ஏறாமல் சுற்றித் தண்ணீர் நிற்கிறதா, சாணியில் சூடு அடங்கியிருக்கிறதா, கோழி மேய்கிறதா என்று பார்ப்பாள். எல்லாம் பிடித்திருந்தால் வந்து உட்கார்ந்து காபியை எடுப்பாள். இல்லாவிட்டால் "இன்னொரு நாள் வரோம்" என்று எழுந்துவிடுவாள். அவள் குடிக்காமல் நான் குடிக்கக் கூடாது. பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளி வீட்டில் நுரை பொங்க பில்டர் காபி வந்தது. சாயம் அலசின தண்ணீர் தொட்டியோரமாக ஓடுகிறது என்று எழுந்துவிட்டாள். அந்த மணம் இரண்டு நாள் என் மூக்கிலேயே இருந்தது. நெசவாளி தண்ணீரை வேறு பக்கம் திருப்பிவிட்டு மறு வாரம் போன் செய்தார். "சார், அக்காவைக் கூட்டிக்கினு வாங்க. பால் வாங்கி வெச்சிட்டேன்" என்றார். ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கறி சமைக்கிற வீடுகளிலும் அவள் காபி குடித்திருக்கிறாள். சாப்பாடு மட்டும்தான் மாட்டாள்.

அந்த அம்மா காபி குடித்தால்தான் புழு என்று ஊரெல்லாம் பேச்சாகிவிட்டது. அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டுத்தான் திருப்புட்குழிப் பக்கத்துக் காலனியிலிருந்து ஒரு பெண் போன் செய்தார். ஒரு கம்பெனி கேன்டீனில் காய் நறுக்குகிற வேலை. காலை ஐந்தரைக்குக் கம்பெனி பஸ் பிடித்தால் திரும்பி வந்து இறங்க இரவு ஏழு. புழு பெருகி உரம் ஓடினால் அந்த பஸ்ஸை விட்டுவிடலாம் என்பது அவர் கணக்கு. கணவர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். தான் பெர்மிஷன் போட்டு வியாழக்கிழமை ஐந்தரைக்கு வீட்டுக்கு வந்துவிடுவதாகச் சொன்னார். நாங்கள் முன்னாடியே போய்க் காத்திருந்தோம். வழியில் நெரிசலாம், ஆறேகாலுக்குத்தான் வந்து சேர்ந்தார். தெருவிளக்கு எரியத் தொடங்கிவிட்டது.

டார்ச் வெளிச்சத்தில் தொட்டியைக் காட்டினார். என் மனைவி சாணியை ஒரு பிடி அள்ளிப் பிழிந்து பார்த்தாள். உருண்டை பிடித்தது, தண்ணீர் சொட்டவில்லை. அதுதான் பதம். நாங்கள் பார்த்த வீடுகளிலேயே நேர்த்தியான தொட்டி அதுதான்.

"கோழி இல்லியே?" என்றாள்.

"நாலு இருந்திச்சு அக்கா. புழுவுக்காகவே வித்துட்டேன்."

என் மனைவியின் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். சம்பந்தம் முடிந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. உள்ளே போய் உட்கார்ந்தோம். ஸ்டூலில் இரண்டு டம்ளர் காபி வந்தது.

"தப்பா நெனைக்காதம்மா. பொழுது போனா நாங்க எதுவும் எடுத்துக்கிறது இல்ல" என்றாள் மனைவி. நாங்க என்றதும் நானும் நெஞ்சில் கை வைத்துத் தலையாட்டினேன். "நாளைக்கே புழு வரும்" என்று அவள் சொன்னாள். "பரவாயில்ல அக்கா" என்றார் அந்தப் பெண். வீடு திரும்புகிற வழியெல்லாம் என் மனைவி அந்தத் தொட்டியின் புகழையே பாடிக்கொண்டு வந்தாள்.

மறுநாள் பூ மூட்டை எடுத்த கையோடு, கூடையை வண்டியில் வைத்துக்கொண்டு ஏழரைக்குப் போனேன். அந்தப் பெண் வாசலில் நின்றார்.

"வேணாம் சார். எடுத்துக்கினு போயிடுங்க."

"ஏம்மா, இன்னா ஆச்சு?"

"அக்கா பொழுது போனா சாப்பிட மாட்டாங்கன்னு சொன்னாங்க. நம்பினேன். இப்பவும் நம்பறேன். ஆனா சார், அரை மணி முன்னாடி நான் கம்பெனி பஸ்ஸுல இருந்து இறங்கறேன், பஸ் ஸ்டாண்டு டீக்கடையில நீங்க டீ குடிச்சிக்கினு நிக்கிறீங்க. கையில வடை வேற. எங்க வீட்டுல மட்டும் சூரியன் சீக்கிரம் மறையுதா சார்?"

கூடையோடு திரும்பினேன்.

புழு திரும்பி வந்ததற்கு மனைவியிடம் காரணம் சொல்லியாக வேண்டும். சொல்ல வேண்டுமானால் டீயைச் சொல்ல வேண்டும். டீயைச் சொன்னால் இருபத்தைந்து வருடத்து டீயையும் சொல்ல வேண்டும். வேறு ஏதாவது கதை கட்டலாமா என்று வழியெல்லாம் யோசித்தேன். ஸ்டோர் கீப்பருக்குக் கதை கட்டத் தெரியாமலா? ஆனால் அந்தப் பெண் கேட்டது காதிலேயே நின்றது. வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டேன், வடை உட்பட.

அவள் கத்தப் போகிறாள் என்று நின்றேன்.

"டீக்கடையில குடிச்சது போவட்டும்" என்றாள். "அங்க ஏன் குடிக்கல?"

"நீ குடிக்கலியே. நீ குடிக்காம நான் குடிக்கக் கூடாதுன்றது நம்ம சட்டம்தான?"

"அதான் காரணமா?"

அது காரணமில்லை. என் அப்பா காலத்தில் எங்கள் கழனியில் நாற்று நட்டவர்கள் அப்படியொரு காலனித் தெருவிலிருந்து வந்தவர்கள்தான். அவர்கள் தண்ணீர் கேட்டால் குவித்த கையில் உயரத்திலிருந்து ஊற்றுவோம். சொம்பு கை மாறாது. பத்து வயதில் நானும் ஊற்றியிருக்கிறேன். கம்பெனியில் எல்லோரோடும் ஒரே மேஜையில் சாப்பிட்டவன், அதெல்லாம் என்னை விட்டுப் போய்விட்டது என்று மார்தட்டிக்கொண்டிருந்தேன். வியாழக்கிழமை அந்த டம்ளரிடம் என் கை போகவில்லை. வெட்கமாக இருந்தது. அதை அவளிடம் சொன்னேன்.

"எனக்கு நோன்பு நெசம்தான்" என்றாள். "ஆனா காபியைப் பார்த்ததும், பொழுது போனது நல்லதாப் போச்சுன்னு ஒரு நிமிஷம் தோணிச்சு. அந்தப் பொண்ணுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியுமே."

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் சர்ச்சிலிருந்து திரும்புகிற நேரம் பார்த்துப் போய் வாசலில் நின்றோம். நல்ல வெயில். "ஒரு காபி கிடைக்குமாம்மா?" என்று என் மனைவியே கேட்டாள். அந்தப் பெண் அவளை ஒரு தடவை பார்த்தார், வெயிலை ஒரு தடவை பார்த்தார், உள்ளே போனார். ஒரே ஒரு டம்ளர்தான் வந்தது. என் மனைவி ஊதி ஊதிக் குடித்தாள். "நல்லா இருக்குது" என்றாள்.

"சாருக்கு?" என்றேன் அசட்டுச் சிரிப்போடு.

"நீங்க ஏழு மணிக்குத்தான குடிப்பீங்க? ஏழு மணிக்கு வாங்க சார்."

என் மனைவிக்குப் புரையேறிவிட்டது. ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து திருப்பருத்திக்குன்றம் வரை சிரித்துக்கொண்டே வந்தாள். பள்ளிக்கூடத்தில் முட்டி போட வைத்தவன் மாதிரி நான் ஓட்டிக்கொண்டு வந்தேன்.

ஏழு மணிக்குத் தனியாகப் போனேன். டீயை ஸ்டூலில் வைக்காமல் கையில் நீட்டினார். வாங்கிக் குடித்தேன்.

"அன்னிக்கு நான் பண்ணது தப்பும்மா. பொழுது காரணமில்ல" என்றேன்.

"தெரியும் சார். அதான் வரச் சொன்னேன்."

"கூடையை நாளைக்கு எடுத்தாரட்டுமா?"

"இருங்க சார். பொண்ணு எடுக்கிறவங்களும் வீட்டைப் பார்க்கணும் இல்ல? வர ஞாயித்துக்கிழமை நாங்க ரெண்டு பேரும் வரோம்."

சொன்னபடி வந்தார்கள். கூடத்தில் நாற்காலி போட்டு வைத்திருந்தேன். எதிர்ச் சுவரில் படத்திலிருந்து அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். என் மனைவி இரண்டு டம்ளர் காபி கொண்டுவந்து வைத்தாள். அந்தப் பெண் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு எழுந்தார்.

"மொதல்ல தொட்டியைப் பார்த்துடறேன் அக்கா."

இரண்டு பெண்களும் பின்கட்டுக்குப் போனார்கள். கூடத்தில் நானும் அவர் கணவரும் மட்டும்.

"நீங்க எடுத்துக்கோங்க" என்றேன்.

"அவ குடிக்காம நான் குடிக்க முடியாது சார்" என்றார் பாவமாக.

கொட்டகையிலிருந்து பேச்சும் இடையிடையே சிரிப்பும் கேட்டது. ஐந்து நிமிடம் ஆயிற்று, பத்து ஆயிற்று. காபியில் ஆடை படிந்தது. வேலைக்குப் போன இன்டர்வியூவில்கூட நான் அப்படிப் பயந்ததில்லை. அந்தப் பெண் குடிக்காமல் போய்விட்டால் என்ன செய்வது என்று பின்கட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வியாழக்கிழமை நாங்கள் புறப்பட்டுப் போன பிறகு, ஆறிப்போன அந்த இரண்டு டம்ளரை யார் எடுத்துப் போய்க் கொட்டியிருப்பார்கள் என்று அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன்.

அந்தப் பெண் கை கழுவிக்கொண்டு வந்தார். "மூணாவது தொட்டியில ஈரம் ஜாஸ்தி சார். சாக்கை எடுத்துக் காய விடுங்க. மத்தபடி நல்ல எடம்தான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

"ஆறிடுச்சிம்மா, சூடு பண்ணித் தரேன்" என்று என் மனைவி டம்ளரிடம் கையைக் கொண்டுபோனாள்.

"இருக்கட்டும் அக்கா" என்று அவர் டம்ளரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, ஆடையை விரலால் ஒதுக்கிவிட்டுக் குடித்தார். அவர் கணவரும் அப்பாடா என்று தன்னுடையதை எடுத்தார். நான் கூடையை எடுக்கப் பின்கட்டுக்கு ஓடினேன்.